நிறுத்தும்போது எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம்?

(ராயகிரியில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'சமையல் எழுத்தும் வாசகரும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சமையல் எழுதத் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுதிவந்ததை நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு மாத இதழில் நான் எழுதிவந்த சமையல் பகுதியை இந்த ஆண்டோடு நிறுத்துகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, யாரோடும் மனத்தாங்கலும் இல்லை. சொல்ல இருந்ததைச் சொல்லியாயிற்று. இனி எழுதினால் சொன்னதையே திருப்பிச் சொல்வதாகத்தான் இருக்கும்.

இந்தச் சேதி பரவியதும் வாசகர்கள் "ஏன் நிறுத்துறீங்க?" என்று கேட்பார்கள் என நினைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. "அப்போ இனிமே சந்தேகம் வந்தா யார்கிட்ட கேக்க?" என்றுதான் கேட்டார்கள். என் எழுத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டது எது என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிட்டது. அதற்கு நான் கண்டுபிடித்திருக்கும் பதில்தான் இன்றைய பேச்சு.

நம் பக்கத்தில் பலசரக்குக் கடையை மூடுகிறவர் ஒருநாள் ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போகமாட்டார். பற்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். யார் நமக்குத் தரவேண்டும், நாம் யாருக்குத் தரவேண்டும், தீபாவளிச் சீட்டுக் கட்டியவர்கள் யார் யார் என்று பார்த்துத் தீர்த்துவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுப்பார். சமையல் எழுதுகிறவளுக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டு. அதில் நான் கொடுத்ததைவிட வாங்கியதுதான் அதிகம். எப்படி என்று சொல்கிறேன்.

தமிழில் சமையல் புத்தகம் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-இல் பிறந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், சென்னையில் ஒரு பெரிய குடும்பத்தின் அடுப்படியைத் தாங்கியவர். அவர் கைமணம் உறவு வட்டத்தில் பிரசித்தம். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் "அந்த ரசம் எப்படி, இந்தக் கூட்டுக்கு என்ன அரைக்கணும்" என்று கடிதம் போடுவார்கள். அவரும் உட்கார்ந்து பதில் எழுதுவார். ஒரே பதிலைப் பல பேருக்கு எழுத வேண்டியிருந்தது. அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி அய்யர், சென்னையின் பொதுவாழ்வில் பெயர்பெற்ற வழக்கறிஞர், இதையெல்லாம் புத்தகமாகவே போட்டுவிடு என்று ஊக்கம் கொடுத்தார். 1951-இல் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் நம் தபால் துறை இன்லாண்டு லெட்டரை அறிமுகப்படுத்தியிருந்தது. கடிதத்தில் வளர்ந்த சமையல் அச்சுக்குப் போன காலம் அது.

இதில் கவனிக்கவேண்டிய சங்கதி, புத்தகத்துக்கு முன்பே வாசகர் இருந்தார் என்பது. கேள்வி முதலில், பதில் அடுத்தது, புத்தகம் கடைசியில். மீனாட்சி அம்மாளின் எழுத்தில் ஒன்றும் தெரியாத பெண்ணுக்கு அருகில் நின்று சொல்லித்தரும் பக்குவம் இருக்கிறது என்றால், அவர் உண்மையிலேயே அப்படிப்பட்ட பெண்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார். எதில் அவர்கள் தடுமாறுவார்கள் என்று அவர்களே எழுதிச் சொல்லியிருந்தார்கள்.

அவர் 1962-இல் காலமானார். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டில் எடை அளவை மாறிக்கொண்டிருந்த சமயம். 1956-இல் சட்டம் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் கடைத்தெருவில் கிலோவும் கிராமும் உட்கார்ந்துவிட்டன. மீனாட்சி அம்மாள் தலைமுறைக்குத் தெரிந்தது பலம், வீசை, ஆழாக்கு, படி. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1 கிலோ 400 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. இங்கே இருக்கிற பாட்டிமார்களுக்கு இது மனப்பாடம், பேத்திகளுக்கு இது புதிர்க்கணக்கு. போதாக்குறைக்குப் பட்டணம் படி வேறு, ஊர்ப்படி வேறு. அளவையோடு அடுப்பும் மாறியது. விறகும் கரியும் போய் கேஸ் வந்தது, அம்மி போய் மிக்சி வந்தது, வெண்கலப் பானை போய் குக்கர் வந்தது.

எழுதியவர் இல்லை, எழுதிய அளவையும் புழக்கத்தில் இல்லை. அந்தப் புத்தகம் அத்தோடு பரணில் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை. பல மொழிகளில் வந்தது, இன்றுவரை அச்சில் இருக்கிறது. குடும்பத்தார் அதைக் கைவிடவில்லை என்பது ஒரு காரணம். வாங்கிய வீடுகள் அதைக் கைவிடவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். ஓரத்தில் பென்சிலால் தங்கள் வீட்டு டம்ளர் கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு, மகளுக்குச் சீராகக் கொடுத்துவிட்ட பிரதிகளை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பென்சில் குறிப்புத்தான் புத்தகத்துக்கு அடுத்த ஆயுள்.

கடல் கடந்தும் ஒன்று பார்ப்போம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இர்மா ராம்பவர் என்று ஒரு அம்மா. அவரும் கணவரை இழந்தவர். 1931-இல் தன் கைக்காசைப் போட்டு 'தி ஜாய் ஆஃப் குக்கிங்' என்ற புத்தகத்தை 3000 பிரதி அச்சிட்டார். படம் வரைந்தது மகள் மேரியன். 1951-இல், அதாவது நம் 'சமைத்துப் பார்' வந்த அதே ஆண்டில், வந்த பதிப்பில் மகளின் பெயரும் ஆசிரியராகச் சேர்ந்தது. இர்மா இறந்தது 1962. அதுவும் மீனாட்சி அம்மாள் போன அதே ஆண்டு. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பெண்கள். இர்மா ஒரு காரியத்தைத் தெளிவாகச் செய்தார். தான் இருக்கும்போதே அடுத்த கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கையின் பெயரை அட்டையிலும் போட்டார். வாசகர் திடீரென்று தெருவில் நிற்கவில்லை.

நேர்மாறான கதை இங்கிலாந்தில் நடந்தது. மிசஸ் பீட்டன் என்ற இசபெல்லா பீட்டன் 1861-இல் குடும்ப நிர்வாகம் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். பாதிக்குமேல் சமையல். அவரும் கணவரும் நடத்திய பெண்கள் இதழுக்கு வாசகர்கள் அனுப்பிய குறிப்புகளும் அதில் சேர்ந்தன. 1865-இல் பிரசவத்துக்குப் பிறகு அவர் இறந்தபோது வயது 28. அடுத்த ஆண்டு கணவர் கடன் நெருக்கடியில் உரிமையை ஒரு பதிப்பகத்துக்கு விற்றார். புத்தகம் அவர் பெயரிலேயே பெருத்துக்கொண்டே போனது. மிசஸ் பீட்டன் எங்கோ ஒரு வீட்டில் வயதாகி, அனுபவம் பழுத்து, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்றே வாசகர்கள் பல காலம் நம்பினார்கள். விற்பனைக்கு அது வசதி. ஆனால் குறிப்பு அனுப்பிய பெண்களுக்கு, தாங்கள் யாரோடு பேசிக்கொண்டிருந்தோமோ அவர் இல்லை என்ற சேதி போய்ச் சேரவில்லை. சொல்லாமல் நிறுத்துவதிலும் மோசம், நின்றதைச் சொல்லாமல் நடத்துவது.

சரி, நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். இங்கிருந்து குற்றாலம் எட்டிவிடும் தூரம்தான். அங்கே ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கம்பனும் உண்டு, சாப்பாடும் உண்டு. கவிதை கேட்கப் போனவர்கள் பலர் அந்த வீட்டு விருந்தைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்கள். டி.கே.சி. கடிதம் எழுதுவதைக் கலையாகவே செய்தவர். 1954-இல் அவர் மறைந்தபின் அந்தக் கடிதங்கள் நூலாக வந்தன. எப்படி வந்தன? எழுதியவர் வீட்டில் அவை இல்லை. பெற்றவர்கள் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அந்தக் குற்றாலக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்த இளைஞர்களில் ஒருவர்தான் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவருடைய பால்ய சிநேகிதர், அதே ஊர் கு. அழகிரிசாமி 1970-இல் காலமானார். அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களை கி.ரா. சேர்த்து வைத்திருந்து வெளியிட்டார். பின்னாளில் கி.ரா. தன் பத்திரிகைத் தொடருக்கே 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்றுதான் பெயர் வைத்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. கடிதம் யாருக்குப் போகிறதோ அவரிடம்தான் இருக்கும். சமையல் எழுத்தும் அப்படியே. நான் எழுதிய குறிப்பு இதழில் கிடப்பது கணக்கில்லை. எந்த வீட்டில் அது ஒரு மதியச் சாப்பாடாக ஆனதோ, அந்த வீட்டில்தான் அது இருக்கிறது. அங்கே திருந்தியும் இருக்கிறது.

ஒரே ஒரு பதார்த்தத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். உளுந்தஞ்சோறு. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் எழுதியது சுருக்கமானது. அரிசி இரண்டு பங்கு, தொலி உளுந்து ஒரு பங்கு, உரித்த பூண்டு ஒரு கை, கொஞ்சம் வெந்தயம், உப்பு, கடைசியில் துருவிய தேங்காய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்.

வந்த பதில்களைக் கேளுங்கள். சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி ஐம்பது காசுக் கார்டில் எழுதினார்: "தாயி, புது உளுந்துன்னா சீக்கிரம் குழைஞ்சுரும், தண்ணியைக் குறைச்சு வை. பழசுன்னா கூட ஊத்து. உன் எழுத்துல உளுந்துக்கு வயசே இல்லையே." வாசுதேவநல்லூர்ப் பெண் ஒருவர், உளுந்தை வெறுஞ்சட்டியில் வாசம் வர வறுத்துவிட்டுப் போட்டால் வழுவழுப்புப் பிடிக்காத பிள்ளைகளும் சாப்பிடும் என்றார். மும்பையில் இருக்கும் நம் ஊர் மருமகள் ஒருவர், அங்கே தொலி உளுந்து உடைத்ததாகக் கிடைக்கிறது, முழுசு கிடைத்தால் எவ்வளவு நேரம் ஊறவைக்க என்று கேட்டார். அதற்கு நான் பதில் எழுதும் முன்பே, சங்கரன்கோவில் வாசகர் ஒருவர், ஆண்பிள்ளை, சமையல்காரர் அல்ல, பஸ் ஓட்டுகிறவர், குக்கரில் எத்தனை விசில் என்பது வரை கணக்கு எழுதி அனுப்பியிருந்தார். பெரியவளான பிள்ளைக்குக் கொடுக்கும்போது நல்லெண்ணெய் எவ்வளவு சேர்க்கலாம், மாமியார் வீட்டில் ஒரு பேச்சு, அம்மா வீட்டில் ஒரு பேச்சு, யார் சொல்வதைக் கேட்க என்று ஒரு கடிதம். அதற்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. அது குடும்ப விவகாரம்!

இப்போது சொல்லுங்கள், உளுந்தஞ்சோற்றை எழுதியது யார்? முதல் ஆறு வரி என்னுடையது. அதை எந்த வீட்டிலும் தவறாமல் வருகிற சோறாக ஆக்கியது அந்தக் கடிதங்கள். பற்று நோட்டில் வாங்கியது அதிகம் என்றேனே, இதைத்தான் சொன்னேன்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். நம்மைச் சுற்றியே பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். அவை விற்பனைச் சரக்கு, பின்னால் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பெயரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. உளுந்தஞ்சோற்றுக்கும் கூட்டாஞ்சோற்றுக்கும் சொதிக்கும் புளிமிளகாய்க்கும் யார் இருக்கிறார்கள்? வீட்டில் செய்து வீட்டில் தீர்ந்துபோகிற பண்டத்துக்கு எந்த அலுவலகத்திலும் மனுப் போட முடியாது. செய்கிறவர்களும், செய்து பார்த்து எழுதிச் சொல்கிறவர்களும்தான் அதற்குக் காவல். எழுதுகிறவள் நிறுத்தும்போது அந்தக் காவல் கலைந்துவிடக் கூடாது.

இதழ்களும் நிற்கத்தான் செய்கின்றன. 1941-இல் தொடங்கிய 'கல்கி' வார இதழின் அச்சுப் பதிப்பே 2020-இல் கொரோனா காலத்தில் நின்றது. பெரிய இதழ்களுக்கே அந்த நிலை என்றால், ஒரு மூலையில் வரும் சமையல் பக்கம் எம்மாத்திரம்? நிற்பது இயல்பு. எப்படி நிற்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

நான் செய்யத் தீர்மானித்திருப்பதைச் சொல்கிறேன். சமையல் என்றில்லை, வைத்தியக் குறிப்பு, கோலம், தோட்டம் என்று எதை எழுதி நிறுத்துகிறவர்களுக்கும் இது உதவலாம்.

முதலாவது, முன்கூட்டியே சொல்லிவிடுவது. "அடுத்த இதழோடு முடிகிறது" என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டால் போதாது. கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட சந்தேகம் எல்லாருக்கும் ஒன்றிரண்டு இருக்கும். அதைக் கேட்க அவகாசம் கொடுக்க வேண்டும். நான் அறிவித்த பிறகு வந்த கேள்விகள்தான் இத்தனை நாளும் வந்ததிலேயே நல்ல கேள்விகள்.

இரண்டாவது, அளவைகளைப் பார்த்து எழுதிவைப்பது. நமக்குக் கிராம் நிலையானது என்று ஒரு நினைப்பு. பலமும் வீசையும் அப்படித்தான் இருந்தன. ஆகவே கிராமும் போட வேண்டும், பங்குக் கணக்கும் போட வேண்டும். அரிசிக்கு உளுந்து இரண்டுக்கு ஒன்று என்று இருந்தால், டம்ளரோ உழக்கோ கொட்டாங்குச்சியோ, எதை வைத்தும் அளந்துகொள்ளலாம்.

மூன்றாவது, வாசகர் சொன்ன திருத்தங்களைக் குறிப்போடு சேர்ப்பது. "வறுத்துப் போட்டால் நல்லது" என்பது என் கண்டுபிடிப்பு போல வரக்கூடாது. அனுமதி கேட்டு, ஊர்ப் பெயரோடு போட வேண்டும். முகவரியும் போன் நம்பரும் வெளியே போகக்கூடாது. கடிதம் எழுதியவர் என்னை நம்பி எழுதினார், ஊருக்கு அல்ல.

நான்காவது, பிரதியை ஒரே இடத்தில் வைக்காமல் இருப்பது. ஒன்று நூலகத்துக்கு. பழைய புத்தகம், இதழ், அழைப்பிதழ் என்று ஒருவர் சேர்த்ததெல்லாம் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சாட்சி. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்தது அது. இன்னொன்று சமைக்கிற கைக்கு. நூலகத்தில் இருப்பது காகிதம் அழியாமல் இருக்க. சமைக்கிறவரிடம் இருப்பது பக்குவம் அழியாமல் இருக்க. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

ஐந்தாவது, தொடர்பு. இதில்தான் பலரும் ஆசையில் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள், "எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்று. அந்த வாக்கை நான் கொடுக்கப்போவதில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் இரவு, அதிரசம் எண்ணெயில் உதிர்ந்துபோகும் நேரத்தில் போன் அடித்தால் எடுக்க எனக்குத் தெம்பு இருக்க வேண்டுமே! வாரத்தில் ஒரு சாயங்காலம் கடிதத்துக்கு என்று ஒதுக்குகிறேன். எனக்குத் தெரிந்ததற்குப் பதில் எழுதுவேன். உளுந்துக் கேள்வி என்றால் சிவகிரிப் பாட்டியிடம் கேட்டு எழுதுவேன். குக்கர் கேள்வி என்றால் பஸ் ஓட்டுகிற அண்ணாச்சி ஏற்கெனவே சம்மதம் கொடுத்துவிட்டார். இதுவரை எல்லாக் கேள்வியும் என் வழியாகப் போய் வந்தது. இனி அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். "யார்கிட்ட கேக்க?" என்ற கேள்விக்கு என் பதில், உங்களுக்குள்ளேயே கேளுங்கள் என்பதுதான். அது தட்டிக்கழிக்கிற பதில் அல்ல. பதில்கள் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் எனக்கே வந்தன.

பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து கேட்பார் என்று தெரியும், இப்போதே சொல்லிவிடுகிறேன். "இப்போதான் எல்லாம் போன்லயே வீடியோவா வருதே, இந்தக் கடுதாசிக் கதையெல்லாம் எதுக்கு?" என்பது அந்தக் கேள்வி. வீடியோ நல்லதுதான், நானும் பார்க்கிறேன். கை எப்படிச் சுழல்கிறது, மாவு என்ன பதத்தில் விழுகிறது என்பதை எழுத்தால் அவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியாது. ஆனால் உங்கள் வீட்டு உளுந்து பழசா புதுசா என்று அது உங்களிடம் கேட்காது. அதைக் கேட்க எதிரே ஒரு ஆள் வேண்டும். வீடியோ போடுகிறவரும் நாளைக்கு நிறுத்துவார். அவருக்கும் இதே ஐந்து காரியமும் பொருந்தும்.

இந்த ஊர் ஒரு காலத்தில் சங்கரன்கோவில் வட்டம். பிறகு சிவகிரி வட்டம். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதி வந்த கடிதங்கள் அதன்பின் தென்காசி மாவட்டம் என்று எழுதி வந்தன. முகவரி மாறியும் கடிதம் வந்து சேர்ந்தது, ஏனென்றால் தபால்காரருக்கு ஆளைத் தெரியும். எழுதுகிறவள் மாறினாலும் சமையல் வந்துசேர வேண்டுமானால், வாசகருக்கு வாசகரைத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக இன்றைக்கே ஒரு வேலை வைத்திருக்கிறேன். வாசல் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. கலைந்து போகுமுன் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டில் மட்டும் செய்கிற ஒரு பக்குவத்தை, எந்தப் பாத்திரத்தால் அளப்பீர்கள் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஒரே பதார்த்தத்தை இரண்டு பேர் வேறு வேறாக எழுதினால் இரண்டும் இருக்கட்டும், சண்டை போடவேண்டாம். அந்த நோட்டு என்னோடு வராது, இந்த ஊரிலேயே இருக்கும். அடுத்த மாதம் இதே இடத்தில் கூடி, அதில் ஒன்றைச் சமைத்துப் பார்த்து, பக்கத்திலேயே திருத்தம் எழுதுங்கள். என்னைக் கூப்பிட்டால் சாப்பிட வருவேன், பேசுவதற்கு அல்ல.